துக்கத்துக்கு ஒரு கைவேலை





சாவு விழுந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் பந்தல்காரருக்குப் போன் போடுவார். ஒருவர் ஃப்ரீசர் பெட்டிக்கு அலைவார். பக்கத்து வீட்டிலிருந்து காபி வந்துவிடும். பால் தெளிப்பது, படத்திறப்பு, கருமாதி என்று பதினாறு நாளும் ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, வாடகைப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டு, கடைசி உறவினரும் பஸ் ஏறிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகிறது. பதினேழாம் நாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

அண்மைக் காலமாக நம் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் அந்தப் பதினேழாம் நாளைப் பற்றியவை அதிகம். கதையைப் பாராட்டி எழுதத் தொடங்கும் ஒருவர், கடைசிப் பத்தியில் தன் கணவர் போய் ஆறு மாதமானதைச் சொல்கிறார். கவிதை அனுப்பும் ஒருவர், இது பிரசுரத்துக்கு அல்ல, யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது என்று குறிப்பு வைக்கிறார். "வீட்டில் சொன்னால் 'இன்னும் அதையே நினைச்சுக்கிட்டிருக்கியா?' என்கிறார்கள்" என்ற வரி, கையெழுத்து மட்டும் மாறி, பல கடிதங்களில் வருகிறது.

அவர்களுக்கெல்லாம் சேர்த்து இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான்: துக்கத்தில் இருக்கும் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு படம், ஒரு தையல், ஒரு பிடி களிமண், ஒரு நோட்டுப் புத்தகம், எது கைக்கு வருகிறதோ அது. அதனால் துக்கம் போய்விடும் என்று நான் சொல்லப்போவதில்லை. துக்கத்தோடு உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைக்கும். அது சின்ன விஷயமில்லை.

இது நமக்குப் புதிதும் அல்ல. ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து அழுவார்கள். அழுகைதான், ஆனால் அதில் ராகம் இருந்தது, எதுகை இருந்தது, இறந்தவரை விளித்து அடுக்கிச் சொல்லும் முறை இருந்தது. பள்ளிக்கூடம் பார்க்காத பெண்கள் அந்த நிமிடத்தில் வரி கட்டினார்கள். வந்த பெண்கள் எல்லாரும் அந்த வீட்டுப் பிணத்துக்கு மட்டும் அழவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். எப்போதோ போன தாய்க்கும், தங்காமல் போன பிள்ளைக்கும், வாய்விட்டுச் சொல்ல முடியாத குடும்பப் பாரத்துக்கும் சேர்த்துத்தான் அழுதார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். இன்று நகரத்து வீடுகளில் ஒப்பாரி கிடையாது. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் சத்தம்தான் கேட்கிறது. அடக்கமாக இருப்பதே மரியாதை என்று ஆகிவிட்டது. அழுகை உள்ளேயே நின்றுவிடுகிறது.

ஒப்பாரி நின்றாலும், கை இன்னும் வேலை செய்கிறது. அம்மாவின் பழைய நூல்சேலையைப் பேரக்குழந்தைக்குத் தூளி கட்டுகிறோம். சேலை இருக்கிறது, சேலைக்காரி இல்லை. அந்த மணத்தில் குழந்தை தூங்குகிறது. தீட்டு நாட்களில் வாசலில் கோலம் கிடையாது. அது முடிந்து முதல் கோலம் போடும் நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, அந்தக் காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். பிறகு வழக்கமான பெரிய கோலத்தை விட்டுவிட்டு, நாலு புள்ளி மட்டும் வைத்து ஒரு சின்னக் கோலம் போட்டார். அடுத்த நாள் ஆறு புள்ளி. வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டும் என்று அவரும் போடவில்லை.

கையும் துக்கமும் சேர்ந்து வேலை செய்ததற்கு நான் அறிந்த பெரிய சாட்சி, ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். பெர்லினில் தொழிலாளர் குடியிருப்பில் அவர் கணவர் கார்ல் மருத்துவம் பார்த்துவந்தார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது இளைய மகன் பீட்டருக்கு வயது 18. படையில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா மறுத்தார். பிள்ளைக்காக அம்மா பரிந்து பேசினார். அப்பா இறங்கி வந்தார். அந்த அக்டோபரிலேயே பெல்ஜியத்துப் போர்முனையில் பீட்டர் கொல்லப்பட்டான்.

இழப்பு ஒரு பக்கம். நானே அனுப்பிவைத்தேனே என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இதற்கு மேல் ஒரு கொடுமையும் உண்டு. இறந்த குழந்தையை அள்ளி அணைத்துக்கொண்டிருக்கும் தாயின் படம் ஒன்றை 1903இல் அவர் செய்திருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, அப்போது ஏழு வயதான இதே பீட்டரைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டு வரைந்தார்.

மகன் போன டிசம்பரிலேயே, அவனுக்கு ஒரு நினைவுச் சிற்பம் செய்வது என்று முடிவெடுத்தார். மகன் நீட்டிப் படுத்திருக்க, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா என்பது முதல் எண்ணம். செய்தார், மாற்றினார், மறுபடி செய்தார். 1919இல், முடியவில்லை என்று கைவிட்டார். அந்த இடைவெளியில் மரத்தைச் செதுக்கிப் படம் அச்சிடும் முறைக்குப் போனார். 'போர்' என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்குப் படங்கள் வந்தன. அவற்றில் போர்க்களமே இல்லை. பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும் தாய், ஒருவர் மேல் ஒருவர் கவிழ்ந்து கிடக்கும் பெற்றோர், விதவைகள், பிள்ளைகளைச் சுற்றி வேலிபோல் நிற்கும் தாய்மார்கள்; இப்படிப்பட்ட காட்சிகள்தான். பிறகு சில ஆண்டுகள் கழித்துச் சிற்பத்துக்குத் திரும்பினார். 1932 ஜூலையில் பெல்ஜியத்தில் மகன் புதைக்கப்பட்ட இடுகாட்டில் அதை நிறுவினார். தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள்.

முடிந்த சிற்பத்தில் மகன் இல்லை. மண்டியிட்ட தந்தை, மண்டியிட்ட தாய், இருவர் மட்டும். தந்தை நிமிர்ந்து, கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் குனிந்து ஒடுங்கியிருக்கிறார். முகங்கள் கார்லுடையதும் கேத்தேயுடையதும். இரண்டும் தனித்தனிப் பீடங்களில் இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புரியும். கணவனும் மனைவியும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். ஒருவர் துக்கம் ஒருவருக்கு எட்டாது. அந்த இடைவெளியை அவர் கல்லில் அப்படியே விட்டுவைத்தார். இப்போது அந்தச் சிற்பங்கள் விளாட்ஸ்லோ இடுகாட்டில் இருக்கின்றன. 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சிற்பம் முடிந்ததும் கோல்விட்ஸின் துயரம் தீர்ந்துவிட்டதா? இல்லை. இறந்த மகனின் பெயரையே வைத்த பேரன், 1942இல், அடுத்த உலகப் போரில் ரஷ்ய முனையில் கொல்லப்பட்டான். அப்போதும் அவர் வரைந்தார். பாதியில் நின்றுபோன ஆண்டுகளும் அந்த வேலையின் பகுதிதான் என்பது எனக்கு அவரிடம் பிடித்த பாடம். இன்று ஒன்றைத் தொடங்கி, நாளை தொடப் பிடிக்காமல் மூடி வைத்தால், தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம்.

இப்படிக் கையால் செய்வதைச் சிகிச்சையாக்கியது இருபதாம் நூற்றாண்டு. ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்திருந்தபோது, படுக்கையிலேயே வரைந்து பொழுதைப் போக்கினார். பிறகு மற்ற நோயாளிகளுக்கும் பென்சிலைக் கொடுத்தார். ஆங்கிலத்தில் 'கலைச் சிகிச்சை' என்ற பெயர் 1942இல் அவரிடமிருந்தே வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர், இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் நோயாளிகளுக்கான ஓவியக்கூடம் நடத்தத் தொடங்கினார். இன்று பிரிட்டனில் பதிவு பெறாத ஒருவர் தன்னைக் கலைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம்.

கலைச் சிகிச்சையாளரின் அறையில் என்னதான் நடக்கிறது? பலர் நினைப்பதுபோல, வரைந்த படத்தை வாங்கிப் பார்த்து "கறுப்பு போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு இன்ன பிரச்சினை" என்று ஜோசியம் சொல்வதில்லை. நல்ல சிகிச்சையாளர் அர்த்தம் சொல்வதற்கு அவசரப்படமாட்டார். எந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் அவர் கவனம் இருக்கும். தண்ணீர் வண்ணம் இழுத்த இழுப்புக்கு ஓடும். அடக்கி வைத்த அழுகையும் அதோடு கிளம்பிவிடலாம். ஏற்கெனவே தத்தளித்துக்கொண்டிருப்பவருக்கு அது தாங்காது. அவருக்குப் பென்சில், அல்லது பழைய பத்திரிகையிலிருந்து படம் வெட்டி ஒட்டும் வேலை. கோபம் உள்ளே கனன்றுகொண்டிருப்பவருக்குக் களிமண். அதை அடிக்கலாம், பிசையலாம், உருட்டி உடைக்கலாம், மறுபடி சேர்க்கலாம். இறந்தவர் மேல் கோபம் வருவது பாவம் என்று நினைத்து வாயே திறக்காதவர்கள் நம்மில் ஏராளம். 'இப்படி விட்டுவிட்டுப் போய்விட்டாரே' என்ற அந்தக் கோபத்துக்கு மண் பேச வழி தரும்.

எனக்கு வரையவே வராதே என்பீர்கள். அதனால் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 39 பேரை 45 நிமிடம் வண்ணப் பேனா, களிமண், வெட்டி ஒட்டும் காகிதம் என்று விருப்பப்படி ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்துச் சோதித்தார்கள். முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. கலையில் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான்; இதை வைத்துப் பெரிய மாளிகை கட்ட வேண்டாம். அழகாக வர வேண்டும் என்ற பயத்தை விட மட்டும் இது போதும்.

எழுதுவதற்கும் இது பொருந்தும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர், 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. அதனால், நோட்டைத் திறந்ததும் அழுகை வந்தால் பயந்து மூடிவிடாதீர்கள்.

நம் மொழி பேசும் மண்ணிலேயே இதற்குப் பெரிய உதாரணங்கள் உண்டு. ஈழத்தில் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1996இல் மட்டக்களப்பில் குழந்தைகளுக்காக 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' தொடங்கப்பட்டது. இயேசு சபைத் துறவியும் உளவள ஆலோசகருமான போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அதற்கு முன்னின்றார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து குழந்தைகள் வந்தார்கள். வெளியே ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகவே அஞ்சிய நேரத்தில், உள்ளே ஒரே மண்ணைப் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், செடி நட்டார்கள்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இன்னொரு வழியில் போனார். போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, நீங்கள் வாழ்ந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து போடுங்கள் என்று கேட்டார். அவர்கள் போட்ட கோடுகளோடு, கட்டடக் கலைஞர் பாணி வரைபடமும், அவர்கள் சொன்ன கதையிலிருந்து சனாதனன் வரைந்த ஓவியமும் சேர்ந்து 2011இல் ஆங்கிலப் பெயரில் ஒரு நூலாக வந்தது. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று நாம் சொல்லலாம். தோம்பு என்றால் காணிப் பதிவேடு. பறிபோன வீடுகளுக்கு அந்த மக்களின் கையாலேயே ஒரு பதிவேடு. ஒரு வீட்டை வரைய உட்கார்ந்தால் சுவர் மட்டுமா வரும்? கிணறு எந்தப் பக்கம், அடுப்படிக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அம்மா எந்த மூலையில் உட்கார்ந்து காய் நறுக்குவாள் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். போனவரோடு நீங்கள் வாழ்ந்த வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடுங்கள். அவர் செருப்பு விடும் இடம், பேப்பர் படிக்கும் நாற்காலி, மாத்திரை டப்பா இருக்கும் அலமாரி எல்லாவற்றையும் குறியுங்கள். கோடு கோணலாக இருக்கட்டும். அவர் வைக்கும் வத்தக்குழம்பின் பக்குவத்தை, அவர் சொல்லும் வார்த்தைகளிலேயே, 'ஒரு கை துவரம்பருப்பு', 'கொஞ்சூண்டு வெல்லம்' என்று எழுதி வையுங்கள். அவர் சட்டைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவில் வைத்திருந்தால், இரண்டை எடுத்துச் சதுரமாக வெட்டித் தலையணை உறை தையுங்கள். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயால் பிள்ளைகளை இழந்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். பல இடங்களில் சடலத்தை வாங்கவே ஆளில்லாத காலம் அது. ஒரு சவக்குழியின் அளவுக்கு, மூன்றடிக்கு ஆறடியாகத் துணி தைத்தார்கள். 1987இல் வாஷிங்டனில் 1,920 துணிகளை விரித்து வைத்தார்கள். இன்று அது ஏறத்தாழ 50,000 ஆகியிருக்கிறது. கொரோனாவில் முகம்கூடப் பார்க்காமல் அப்பாவை, அண்ணனை அனுப்பிவைத்த நம் குடும்பங்களில், இன்னும் ஒரு சடங்கு பாக்கியிருப்பதுபோல் தவிப்பவர்கள் உண்டு. அந்தச் சடங்கை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம்.

குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். சாவு நடந்ததும் முதலில் அவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். தாத்தா சாமிகிட்ட போயிட்டார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கையில் தாளும் க்ரேயானும் கொடுத்துப் பாருங்கள். வரைந்து காட்டினால் "இது யாரு? ஏன் இப்படிக் கறுப்பா போட்டிருக்கே?" என்று குடையாதீர்கள். "இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்" என்றால் போதும். சொல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஆம்பளை அழலாமா என்று கேட்டே வளர்த்துவிட்டோம். மனைவியை இழந்த எத்தனையோ பெரியவர்கள், டிவி முன்னால் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருக்கிறார்கள். அவர்களிடம் "மனசுவிட்டுப் பேசுங்க மாமா" என்றால் பேச வராது. பழைய போட்டோக்களை எடுத்து முன்னால் போட்டு, யார் யார், எந்த வருஷம் என்று பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும்.

நடுவே சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். "புருஷன் போய் ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள சீரியல் பாத்துச் சிரிக்கிறா" என்று பேசும் வாய்களுக்குச் சொல்கிறேன். நெதர்லாந்தின் ஸ்ட்ரூப, ஸ்குட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இலேயே இதை விளக்கிவிட்டார்கள். துக்கத்தில் இருப்பவர் மனம் இழப்புக்கும் வாழ்க்கைக்கும் நடுவே போய்ப் போய்த் திரும்பும். அந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம். எந்நேரமும் அழுவதும், ஒருபோதும் அழாமலே இருப்பதும்தான் கவலைக்குரியவை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நான் மேலே சொன்னவை கைமருந்து. எல்லாத் துக்கத்துக்கும் கைமருந்து போதாது. ஓராண்டு கடந்தும் முதல் வாரம்போலவே ஏக்கம் குறையாமல், அன்றாட வேலை எதுவும் ஓடாமல் ஒருவர் இருந்தால், அதற்கு மருத்துவத்தில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று பெயர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 2022இல் இது இடம்பெற்றது. குழந்தைகளுக்கு ஆறு மாதம்தான் கணக்கு. நாமும் போய்விடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. 'ஆர்ட் தெரபி' என்று பலகை மாட்டியவரிடம் போகும் முன், அவர் என்ன படித்தார், யாரிடம் பயிற்சி பெற்றார் என்று தயங்காமல் கேளுங்கள். ஓவிய வகுப்பு நடத்துபவர் எல்லாரும் சிகிச்சையாளர் அல்லர்.

வழக்கமாக இந்தப் பக்கத்தின் கடைசியில் படைப்புகளை அனுப்புங்கள் என்று கேட்பேன். துக்கத்தில் நீங்கள் செய்தவற்றை எங்களுக்கு அனுப்ப வேண்டாம். அவை பிரசுரத்துக்கும் லைக்குக்கும் உரியவை அல்ல, உங்களோடு இருக்கட்டும். வேறொன்று அனுப்புங்கள். உங்கள் ஊர் நூலகத்திலோ, பள்ளியிலோ, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலோ, இழப்புக்கு ஆளானவர்களை ஒன்றாக உட்காரவைத்து வரையவும் எழுதவும் தைக்கவும் வைப்பவர்கள் இருந்தால் அவர்களைப் பற்றி எழுதுங்கள். விசாரித்து, சரிபார்த்து, ஊர்வாரியாக வெளியிடுகிறோம். அப்படி யாரும் இல்லாத ஊரில், நாலு பேர் கூடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்கினால், அதையும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்